கன்று போன வண்டி

மேட்டூர்
12.2.1979

அண்ணன் சென்றாயனுக்கு உன் தங்கச்சி உண்ணாமலை எழுதுவது. நானும் உன் மச்சானும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் என் மகள் மாரக்காளும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இது என் சொந்தக் கையெழுத்து. நீ நம்ப மாட்டாய். இங்கே மீன்பிடிக்கிறவர்கள் குடியிருப்பில் பொன்னாத்தாள் டீச்சர் சாயங்காலத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். விடாமல் போனேன். எழுத்து நண்டு நடந்த மாதிரி இருந்தாலும், நான் நினைத்ததை நானே எழுதுகிறேன். உனக்கு இதை யார் படித்துக் காட்டுகிறார்களோ தெரியாது. யாராக இருந்தாலும் முழுக்கப் படிக்கட்டும்.

எமர்ஜென்சியில் ஜீப்பில் ஆபீசர்கள் வந்தார்களே, நம் பண்ணாடியின் பண்ணையத்தில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு இன்றோடு விடுதலை என்று சொல்லி ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார்களே, அந்த நாளை நான் மறக்கவில்லை. உனக்குக் கொடுத்தார்கள், எனக்கும் உன் மச்சானுக்கும் கொடுத்தார்கள். மாரக்காளுக்குக் கொடுக்கவில்லை. ஆறு வயசுப் பிள்ளைக்குக் காகிதம் எதற்கு என்றார்கள். இனி நீ எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று ஆபீசர் உன்னிடம் சொன்னதற்கு நீ என்ன சொன்னாய்? "நான் போயிட்டா மாட்டை ஆருங்க பாக்கறது?" என்று கேட்டாய். ஆபீசர் சிரித்தார், பண்ணாடியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இங்கே வந்த புதிதில் அணைக்கரையில் மழையிலும் வெயிலிலும் படுத்துக்கிடந்த காலத்தில் பிள்ளையையும் கூட வைத்து வதைக்க வேண்டாம் என்றுதான் அவளை உன்னிடம் விட்டு வந்தேன். இரண்டு மாசம் என்று சொன்னேன். மூன்று வருஷம் ஆகிவிட்டது. இப்போது எங்களுக்கு ஓடு போட்ட ஓர் அறை இருக்கிறது. உன் மச்சான் பரிசலில் போய் வலை போடுகிறார். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஜூனில் சேர்க்க வேண்டும். அவளைக் கொண்டுவந்து விடு.

நானே வந்து கூட்டிப் போவேன். ஆனால் நாங்கள் கிளம்பின அன்றைக்கு, "இந்தக் காட்டுல மறுக்காக் கால் வெச்சா அந்தக் காலு இருக்காது" என்று பண்ணாடி சொன்னது உனக்கும் கேட்டது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

அவள் தலைக்கு வேப்பெண்ணெய் வைத்து வாரிவிடு. பதில் போடு.

உண்ணாமலை


வேலமரத்துப்பாளையம்
நாமக்கல் வழி
3.3.1979

தங்கச்சி உண்ணாமலைக்கு அண்ணன் சென்றாயன் சொல்ல, சின்னம்மிணி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். பண்ணாடியும் பண்ணாடிச்சியும் சுகம். அங்கே நீயும் மச்சான் மாரியப்பனும் சுகமாக இருக்க மாரியாத்தாள் காப்பாற்றட்டும்.

உன் கடிதத்தைப் பண்ணாடியின் மகள் சின்னம்மிணி ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினார்கள். நீ எழுதப் படித்ததில் எனக்குப் பெருமை. நம் வம்சத்தில் உனக்கு முன்னால் யாரும் பேனா பிடித்ததில்லை.

மாரக்காள் வளர்ந்துவிட்டாள். இப்போது என் தோள் உயரம் இருப்பாள். நான் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறேன், அவள் பெரிய வீட்டில் பண்ணாடிச்சியின் கால்மாட்டில் படுத்துக்கொள்கிறாள். வயிறு வாடாமல் சாப்பிடுகிறாள். சின்னம்மிணியின் பழைய பாவாடைகளைச் சுருக்கித் தைத்துப் போட்டுக்கொள்கிறாள். நானும் பழைய சென்றாயன் இல்லை. தானிய அறைச் சாவி இப்போது என் அரைஞாண் கயிற்றில்தான் தொங்குகிறது. பண்ணாடி தன் தம்பிமாரிடம்கூடக் கொடுக்காத சாவி. போன மாசம் அவருடைய சட்டை ஒன்றைக் கொடுத்தார். தோள்பட்டையில் கொஞ்சம் தொங்குகிறது, மற்றபடி நல்ல சட்டை.

செவலைப் பசு சினையாக இருக்கிறது. சித்திரையில் கன்று போடும். அது முடிந்ததும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வருகிறேன். கவலைப்படாதே.

சென்றாயன்

உண்ணாமலை, நான் வசந்தாமணி எழுதுகிறேன். மாரக்காள் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரிதான். அப்பா அன்றைக்குக் கோபத்தில் ஏதோ சொல்லியிருப்பார். அதை இன்னும் மனதில் வைத்திருக்க வேண்டாம்.


மேட்டூர்
20.5.1979

அண்ணனுக்கு உண்ணாமலை எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே பெரிய வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன். அம்மிணி படிப்பார்கள் என்பதால் இந்தக் கடிதத்தை மரியாதையாக எழுதுகிறேன்.

சித்திரை முழுக்க ஈரோடு பஸ் வருகிற நேரமெல்லாம் நிறுத்தத்தில் போய் நின்றேன். பஸ் காலியாகிற வரை நின்றுவிட்டு வருவேன். கண்டக்டர் ஒருநாள், "ஏனக்கா, தெனமும் ஆரைத் தேடறீங்க?" என்று கேட்டார். என் மகள் வருகிறாள் என்றேன். மறுநாளிலிருந்து அவரே தலையாட்டி, வரவில்லை என்று ஜன்னல் வழியாகச் சைகை காட்டிவிடுவார்.

பசு கன்று போட்டுவிட்டதா? அது தாயும் கன்றுமாக நன்றாக இருக்கட்டும். எனக்கும் ஒரு கன்று இருக்கிறது என்பதை உனக்கு நினைவுபடுத்துகிறேன்.

ஒரு சிலேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். உன் மச்சான் அதன் மரச்சட்டத்தில் கத்தியால் அவள் பெயரைக் கீறியிருக்கிறார். அவருக்கு எழுதத் தெரியாது. நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துக் கீறினார். அதில் ஒரு கால் விட்டுப்போய்விட்டது.

அம்மிணிக்கு என் கும்பிடு. என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதற்கு நான் நன்றி மறக்க மாட்டேன். இப்போது அவளை என்னிடம் அனுப்பி வைக்கும்படி அம்மிணி தன் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உண்ணாமலை


வேலமரத்துப்பாளையம்
2.7.1979

தங்கச்சி உண்ணாமலைக்கு. இங்கே எல்லோரும் நலம். மழை சுமார். உங்கள் ஊர் அணைக்குத் தண்ணீர் வந்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். மச்சானைப் பார்த்துப் போய்வரச் சொல்.

நல்ல செய்தி ஒன்று. நம் சின்னம்மிணிக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளை திருச்செங்கோடு. போர் போடுகிற ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார்கள். இதை எழுதும்போது அம்மிணிக்கு வெட்கம், நான்தான் எழுதச் சொன்னேன்.

வீட்டில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பந்தலுக்கு மூங்கில் வெட்ட வேண்டும், நெல் அவிக்க வேண்டும். மாரக்காள் ஒரு நிமிஷம் அம்மிணியை விட்டு நகர்வதில்லை. இந்த நேரத்தில் நான் எப்படிப் போகிறேன் என்று கேட்பது? கல்யாணம் முடியட்டும். முடிந்த மறுவாரம் நானே அழைத்து வருகிறேன். நம் அம்மாவைப் புதைத்த மண்மேல் ஆணை.

செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நெற்றியில் வெள்ளை. அவ்வளவு அழகு.

சென்றாயன்


மேட்டூர்
10.10.1979

அண்ணனுக்கு உண்ணாமலை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றிக் கேட்காதே.

ஆவணி போய்ப் புரட்டாசியும் முடியப் போகிறது. நீயும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அம்மிணி புகுந்த வீட்டுக்குப் போய்விட்டதால் உனக்கு எழுதித்தர ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டே படுத்தபோதுதான் நம் அம்மா ஞாபகம் வந்தது. பிறகு தூங்கவில்லை.

அம்மா இந்தப் பண்ணையத்தில் பிறந்தவள் இல்லை. இப்போதைய பண்ணாடியின் அம்மா கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது, சீரோடு சீராக அவளையும் அனுப்பினார்கள். அண்டா, குடம், கட்டில், கறவை மாடு, பிறகு நம் அம்மா. எட்டு வயசாம். புதுப்பெண்ணுக்கு இடம் பழகுகிற வரைக்கும் துணை என்று சொல்லி அனுப்பியதாகச் சொல்லுவாள். அவள் சொந்த ஊரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. சாகிறபோதும் அந்த ஊர்ப்பேச்சுத்தான் அவள் வாயில் வந்தது. அதனால்தான் நீயும் நானும் பண்ணையத்தில் பிறந்தோம்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மிணி புகுந்த வீட்டுக்குப் போனபோது சீர் வண்டியில் என்னென்ன ஏற்றினார்கள்? ஒன்று விடாமல் எழுது.

உண்ணாமலை


வேலமரத்துப்பாளையம்
1.11.1979

உண்ணாமலை அம்மாளுக்கு, அவர் அண்ணன் சென்றாயன் சொல்லக் கேட்டு எழுதுபவர் தபால்காரர் வெள்ளியங்கிரி. இங்கு யாவரும் க்ஷேமம். அங்கு தங்களிருவர் க்ஷேமமும் தெரிவிக்கவும்.

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். அம்மிணி போன பிறகு எழுத ஆளில்லாமல் இருந்தது.

கல்யாணம் அமோகமாக நடந்தது. நாமக்கல்லிலிருந்து நாகஸ்வரம் வந்தது. சீர் கேட்டிருந்தாய். கட்டில், மெத்தை, பீரோ, தையல் மிஷின், பித்தளை அண்டா, செம்புக் குடங்கள், ஆட்டுக்கல் எல்லாம் லாரியில் போயின. செவலையையும் கன்றையும் லாரியில் ஏற்ற நான் சம்மதிக்கவில்லை. இரைச்சலில் பால் வற்றிவிடும் என்று பண்ணாடியிடம் சொன்னேன். சரி, நீயே வண்டி கட்டிக்கொண்டு போ என்றார்.

கன்றை வண்டியில் ஏற்றிவிட்டால் மாட்டுக்குக் கயிறே வேண்டாம். அது தானாகப் பின்னாலேயே வந்துவிடும். காலையில் கிளம்பி வழியில் தண்ணீர் காட்டி, பொழுது சாயத் திருச்செங்கோடு போய்ச் சேர்ந்தேன். ஓர் இடத்தில்கூடச் செவலை நிற்கவில்லை. கன்று வண்டியை விட்டுக் குதிக்கவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டு, மாட்டை இப்படி ஓட்டிவந்த ஆள் யார் என்று கேட்டார்கள்.

மாரக்காள் சுகம். கார்த்திகை தீபம் கழித்து விவரமாக எழுதுகிறேன்.

இப்படிக்கு, சென்றாயன் (இடது கைப் பெருவிரல் ரேகை)


மேட்டூர்
9.11.1979

அண்ணா,

சுகம் விசாரிக்க இப்போது எனக்கு நேரமில்லை.

நீ முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டினாய். ஓடுகிற வண்டியில் நாலு மாசக் கன்று குதிக்காமல் இருக்க வேண்டுமென்றால், பின்னால் ஒருத்தர் உட்கார்ந்து அதை மடியில் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் அம்மாவைக் கெங்கவல்லியிலிருந்து அப்படித்தான் கொண்டுவந்தார்கள். கன்று மடியிலேயே மூத்திரம் பெய்ததை அவள் எத்தனை தடவை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள்.

கன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது யார்?

உண்ணாமலை


வேலமரத்துப்பாளையம்
18.2.1980

தங்கச்சி உண்ணாமலைக்கு. சுகத்துக்கு எழுது என்று கேட்கிற தகுதி எனக்கில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இதை எழுதுவதற்கு வெள்ளியங்கிரி முதலில் சம்மதிக்கவில்லை. பெரிய வீட்டுச் சமாச்சாரம், எனக்கு வேண்டாம் என்றார். அவர் காலைப் பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மாரக்காள்தான் உட்கார்ந்தாள்.

எனக்கு முன்கூட்டித் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வண்டி பூட்டி நின்றபோது பண்ணாடிச்சி அவளுக்குப் புதுப்பாவாடை கட்டித் தலைக்குப் பூ வைத்துக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். "சித்தெ நாளைக்குத்தான் சென்றாயா. அம்மிணிக்குப் புது எடம் பழகற மட்டும் தொணைக்கு இருக்கட்டும்" என்றார்கள். அம்மாவுக்கு என்ன சொன்னார்களோ அதையேதான் சொன்னார்கள். என் காதில் விழுந்தது. அப்போதே எனக்கு உறைத்தது. ஆனால் வாசல் நிறையச் சொந்தபந்தம் நின்றது, பண்ணாடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். நானே தூக்கி வண்டியில் உட்காரவைத்து, கன்றை அவள் மடியில் போட்டேன்.

அவள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். இதைச் சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்குமா, இன்னும் கோபம் வருமா, எனக்குத் தெரியவில்லை.

உன் கேள்வி வந்த பிறகு எனக்கு வேலையில் கை ஓடவில்லை. தைப்பொங்கல் கழித்துத் திருச்செங்கோடு போனேன். அம்மிணியும் மாப்பிள்ளையும் அங்கே இல்லை. மாப்பிள்ளை ரிக் வண்டிகளை வடக்கே ராய்ப்பூருக்குக் கொண்டுபோய் அங்கேயே வீடு எடுத்துவிட்டாராம். அம்மிணி மாசமாக இருக்கிறார்களாம். கூடமாட வேலைக்கு மாரக்காளையும் கூட்டிப்போய்விட்டார்கள். செவலை மட்டும் அந்தத் தொழுவத்தில் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தியது.

ராய்ப்பூர் எவ்வளவு தூரம் என்று வெள்ளியங்கிரியிடம் கேட்டேன். ரயிலில் இரண்டு ராத்திரி என்கிறார்.

சென்றாயன்


வேலமரத்துப்பாளையம்
30.6.1980

தங்கச்சிக்கு. இத்துடன் மூன்று கார்டு போட்டாயிற்று, பதில் இல்லை. மச்சான் சுகமா? நீ சுகமா? திட்டியாவது எழுது.

அம்மிணிக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதாகப் பெரிய வீட்டுக்குத் தந்தி வந்தது. மாரக்காள் குழந்தையை நன்றாகத் தூக்கி வைத்துக்கொள்கிறாளாம். பண்ணாடிச்சி சொன்னார்கள்.

சென்றாயன்


மேட்டூர்
7.12.1980

அண்ணனுக்கு உண்ணாமலை எழுதுவது. நீ மச்சான் சுகமா என்று கேட்டிருந்தாய். மச்சான் இல்லை.

ஐப்பசியில் காற்று அடித்த ஒருநாள் பரிசல் கவிழ்ந்துவிட்டது. வலை காலில் சுற்றிக்கொண்டது என்றார்கள். அடுத்த நாள் மதியம்தான் எடுத்தார்கள். இங்கே மீன்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அடக்கம் செய்தார்கள்.

உனக்கு இழவு சொல்லி ஆள் அனுப்பவில்லை. வேண்டுமென்றுதான் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நீ பண்ணாடி முன்னால் போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உத்தரவு கேட்டு நின்றிருப்பாய். அவரும் கொடுத்திருப்பார். பஸ்ஸுக்கும் கொடுத்திருப்பார். அதற்கு நீ ஆயுசு முழுக்க நன்றி சொல்லிக்கொண்டு இருப்பாய். என் புருஷன் சாவுக்கு அந்தக் கையிலிருந்து ஒன்றும் வர வேண்டாம் என்று நினைத்தேன். நீ வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

மாரக்காள் வடக்கே போனதை அவருக்கு நான் சொல்லவில்லை. தையில் வருகிறாள், சித்திரையில் வருகிறாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் கற்றுக்கொண்டதுதான். கெண்டை மீன் கிடைத்தால் ஒன்றை விற்காமல் தனியாக எடுத்து உப்புக்கண்டம் போட்டு வைப்பார். பிள்ளைக்குப் பிடிக்கும் என்பார். பானை நிறைய இருக்கிறது. எனக்கு அதைத் திறக்கவே கை வரவில்லை.

காகிதம் வாங்கி நாலரை வருஷம் ஆகிறது அண்ணா. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நீ என்ன செய்தாய்? அடுத்தவர் தானிய அறைக்குச் சாவி வாங்கினாய். அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டாய். என் பிள்ளையைத் தூக்கி அடுத்தவர் வண்டியில் ஏற்றினாய். உனக்கு இப்படி எழுதக் கூடாது. நீ என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன். ஆனாலும் எழுதுகிறேன். போய் அவளை அழைத்துக்கொண்டு வா. அழைத்து வர முடியாதென்றால் இனி எனக்குக் கடிதம் போடாதே. எனக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தான் என்பதையே மறந்துவிடுகிறேன்.

உண்ணாமலை


ராய்ப்பூர்
23.3.1981

தங்கச்சி உண்ணாமலைக்கு அண்ணன் சென்றாயன். எழுதுவது ரிக் டிரைவர் அப்புசாமி, சங்ககிரிக்காரர். நல்ல மனுஷர், நம் கதையெல்லாம் தெரியும். நான் உடம்போடு இருக்கிறேன். மாரக்காளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறாள். மச்சான் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்து வைக்காத பாவி நான்.

உன் கடிதத்தை வெள்ளியங்கிரி படித்துக் காட்டினார். மறுநாள் சாவியை அரைஞாணிலிருந்து அவிழ்த்துப் பண்ணாடி முன்னால் வைத்தேன். "எங்கடா கெளம்பிட்ட?" என்றார். "அம்மிணியப் பாக்க ராய்ப்பூரு போறனுங்க சாமி" என்றேன். பிள்ளையைக் கூட்டிவரப் போகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வரவில்லை. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அதிரசமும் முறுக்கும் சுட்டு ஒரு டின் நிறையக் கொடுத்தனுப்பினார்கள். உன் பிள்ளையை மீட்கப் போகிறவன் அவர்கள் பலகாரத்தைத் தலையில் சுமந்துகொண்டுதான் போனேன். நீ சிரிப்பதென்றால் சிரி.

கதவைத் திறந்தது மாரக்காள்தான். இடுப்பில் அம்மிணியின் குழந்தை. உயரமாகிவிட்டாள். முகம் அப்படியே நம் அம்மா. "ஆருங்க வேணும்?" என்றாள். சின்னதில் கூப்பிட்ட மாதிரியே "சாமி" என்று கூப்பிட்டேன். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். ஓடிவந்து டின்னை வாங்கி உள்ளே வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். கை இரண்டும் வெடித்துக் கிடந்தது. இங்கே பனிக்காலத்தில் தண்ணீர் அப்படி இருக்குமாம்.

"அம்மா உன்னைக் கூட்டியாறச் சொல்லுச்சு சாமி" என்றேன்.

"எந்த அம்மா?" என்று கேட்டாள்.

உன் பெயரைச் சொன்னேன். மேட்டூர் என்றேன். உன்னை அடியோடு மறக்கவில்லை. உன் கையில் பச்சை குத்தியிருந்ததைச் சொன்னாள். முகம் ஞாபகம் வரவில்லை என்றாள்.

அம்மிணியைக் குறை சொல்ல மாட்டேன். "நானென்ன கட்டியா வெச்சிருக்கறேன் சென்றாயா? கூட்டிக்கிட்டுப் போறதுன்னாப் போ. அவளையே கேட்டுக்க" என்றார்கள். மனசாரத்தான் சொன்னார்கள். நானும் கேட்டேன். மாரக்காள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, "நான் வந்துட்டா தம்பியை ஆரு மாமா பாக்கறது?" என்றாள்.

அம்மிணி சிரித்தார்கள், வேலைக்காரக் கிழவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை உண்ணாமலை. அன்றைக்கு ஜீப் முன்னால் நீ ஏன் சிரிக்காமல் நின்றாய் என்று இங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது.

கையைப் பிடித்து இழுத்தேன். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்துக் குழந்தையும் அழுதது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. நான் கையை விட்டுவிட்டேன்.

அவளை விட்டுவிட்டுத் திரும்பி வர எனக்குக் கால் எழவில்லை. பண்ணையத்துக்கும் இனிப் போகமாட்டேன். மாப்பிள்ளையிடம் கேட்டு ரிக்கில் இரும்பு ராடு மாட்டுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வண்டி காட்டுக்குப் போனால் வாரக்கணக்கில் போகும். திரும்பி வருகிற நாளில் அந்த வீட்டுப் பின்கட்டில் அவள் கையால் சோறு போடுகிறாள். நான் சாப்பிட்டு முடிக்கிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

உன்னிடம் அழைத்து வருகிறேன் என்று மண்மேல் ஆணையிட்டேன். முடியவில்லை. இனி எழுதாதே என்று நீ சொன்ன பிறகும் எழுதுகிறேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

சென்றாயன்


மேட்டூர்
16.4.1981

அண்ணனுக்கு உண்ணாமலை எழுதுவது. இங்கே எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. அங்கே உங்கள் இருவருக்கும் அப்படியே இருக்க வேண்டும். ராடு மாட்டும்போது விரலைப் பார்த்துக்கொள்.

கடிதம் வந்த அன்றைக்கு உன்னைத் திட்டித்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். அவளைத் திட்டவும் பார்த்தேன். பதினொரு வயசுப் பிள்ளையை என்னவென்று திட்டுவது? அவள் சொன்னது நம் வீட்டுப் பேச்சுத்தான்.

அவளுடைய கை வெடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் படுக்கும்போது போடச் சொல். நீயே போட்டுவிடு, அவள் மறந்துவிடுவாள். அவள் சாப்பிடுகிறாளா, நீ சாப்பிடுகிறபோது அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளா என்று நீ எழுதவில்லை. கவனித்து எழுது.

அறையைக் காலி செய்கிறேன். உன் மச்சானின் வலையை அவர் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டேன். உப்புக்கண்டப் பானையையும் சிலேட்டையும் கட்டி வைத்திருக்கிறேன். என் விடுதலைக் காகிதத்தைப் பொன்னாத்தாள் டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். அங்கே வருகிறபோது அது என் பெட்டியில் இருக்க வேண்டாம் என்று தோன்றியது. டீச்சர், "வேணாம் உண்ணாமலை, போவாதே" என்று அழுதார்கள். இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் இப்படிப் போகிறாளே என்று அவர்களுக்கு வருத்தம். உன்னை எத்தனை எழுத்து எழுதி ஏசியிருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

கன்றை வண்டியில் ஏற்றிவிட்டால் மாட்டுக்குக் கயிறு வேண்டாம் என்று நீதான் எழுதியிருந்தாய்.

அம்மிணியிடம் என் கும்பிடு சொல். உன் கடிதங்களை எனக்கு எழுதிய கை அவர்கள் கை, என்மேல் கொஞ்சம் இரக்கம் இருக்கும். பாத்திரம் துலக்க, துணி துவைக்க அந்த வீட்டுக்கு இன்னொரு ஆள் வேண்டுமா என்று கேட்டு எழுது. கூலி பற்றி ஒன்றும் பேச வேண்டாம். மாரக்காள் படுக்கிற இடத்தில் எனக்கும் ஒரு பாய் போட்டால் போதும்.

உன் தங்கச்சி
உண்ணாமலை